வாசகர் கேள்வி – பதில்: சிங்கப்பூரில் யாரிடம், எப்படிப் பேசுவது?

நெல்லை, தென்காசிப் பக்கம் பிள்ளையோ பேரனோ சிங்கப்பூரில் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரு மாதம் தங்கிவரக் கிளம்புகிற பெரியவர்களிடமிருந்து வந்த கடிதங்களில், முன்பின் தெரியாதவர்களோடு பேசிப் பழகுவது பற்றிய கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். விசா, டிக்கெட் விவகாரங்கள் வேறு இதழில்.

மகனும் மருமகளும் காலையில் ஆபீஸ் போய்விடுவார்கள். பகல் முழுக்க வீட்டில் நாங்கள் இருவர்தான். அந்த ஊரில் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள் என்கிறார்களே, நிஜமா?
– பாளையங்கோட்டை வாசகி

நேரமும் இடமும் தப்பாகப் போனால் நிஜம். காலை ஏழரையிலிருந்து ஒன்பதரைக்குள் ரயிலில் யாரிடமும் வாய் கொடுக்காதீர்கள். மின்தூக்கியில் ஒரு ‘மார்னிங்’ போதும். சாப்பாட்டுக் கடை வரிசையிலும் பேச்சு எடுபடாது. பின்னால் நிற்பவருக்கு அரை மணி நேரம்தான் இடைவேளை.

பேச்சு நடக்கிற இடம் வேறு. அரசு அடுக்குமாடி வீடுகளின் தரைத்தளத்தைச் சுவர் வைக்காமல் திறந்தபடி விட்டிருப்பார்கள். தமிழர்கள் கீழ்த்தளம் என்பார்கள். கல் மேசை, கல் இருக்கை, சதுரங்கக் கட்டம் எல்லாம் அங்கே உண்டு. மாலை நாலு மணிக்கு மேல் பெரியவர்கள் வந்து உட்காருவார்கள். காலை ஆறரையிலிருந்து எட்டு வரை உடற்பயிற்சி மூலையில் கூட்டம் இருக்கும். பேரப்பிள்ளையை விளையாட்டுத் திடலுக்குக் கூட்டிப் போனால் நீங்கள் தேட வேண்டாம், மற்ற பாட்டிகளே வந்து பேசுவார்கள். காப்பிக் கடை என்றால் ஒன்பதரைக்கும் பதினொன்றுக்கும் நடுவில், மதியக் கூட்டம் வருவதற்கு முன்னால்.

பக்கத்து வீட்டில் தமிழர் இருப்பார் என்று எண்ணிப் போக வேண்டாம். ஒவ்வொரு கட்டடத்திலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் கலந்திருக்க வேண்டும் என்று 1989 முதல் இனவாரி விகிதம் வைத்திருக்கிறார்கள். 2020 கணக்கெடுப்பில் இந்தியர் 9 சதவீதம், சீனர் 74 சதவீதத்துக்குச் சற்று மேல். ஆகவே உங்கள் பேச்சுத்துணை பெரும்பாலும் ஒரு சீனப் பாட்டியாகத்தான் இருப்பார்.

தொடங்குவது சுலபம். நம் ஊரில் எதிர்ப்படுகிறவரிடம் ‘சாப்ட்டாச்சா’ என்கிறோமே, அங்கேயும் அதுதான் முதல் கேள்வி. ‘மக்கான் ஆல்ரெடி?’ என்பார்கள். என்ன குழம்பு, என்ன பொரியல் என்று பட்டியல் போட வேண்டாம், ‘ஆல்ரெடி, யூ?’ என்று திருப்பிக் கேட்டால் போதும். வயதில் மூத்தவர் எவரானாலும் அங்கிள், ஆன்ட்டி. மலாய்ப் பெரியவரைப் பாக்சிக், பெரியம்மாவை மாக்சிக் என்றால் முகம் மலரும். உங்களை ஐம்பது வயதுக்காரர் ஆன்ட்டி என்று கூப்பிட்டால் கோபம் வேண்டாம், அது மரியாதை.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. கடையில் ‘சுகர் இல்லாமல் காப்பி’ என்று கேட்டும் பாயசம் மாதிரித் தந்தார்கள் என்று போய்வந்த நண்பர் சொன்னார். எப்படிக் கேட்க வேண்டும்?
– அம்பாசமுத்திரம் வாசகர்

நண்பர் ‘கோப்பி கோசோங்’ என்று கேட்டிருப்பார். கோசோங் என்றால் சர்க்கரை போடாதே என்பதுதான். ஆனால் அங்கே வெறும் ‘கோப்பி’ என்றாலே டின்னில் வரும் கெட்டியான இனிப்புப் பால் ஊற்றியது. சர்க்கரையை நிறுத்தினாலும் பாலில் இருக்கிற இனிப்பு போகாது.

கடைக்காரர் காதில் விழ வேண்டிய வரிசை இது: முதலில் காப்பியா டீயா (கோப்பி, தே), அடுத்து பால், பிறகு சர்க்கரை, கடைசியாகச் சூடா ஐஸா. ‘ஓ’ சேர்த்தால் பால் கிடையாது, சர்க்கரை உண்டு. ‘சி’ சேர்த்தால் இனிப்பில்லாத டின் பால், ஆனால் சர்க்கரை தனியாகப் போடுவார்கள். எனவே உங்களுக்கு வேண்டியது ‘கோப்பி சி கோசோங்’. பாலே வேண்டாம் என்றால் ‘கோப்பி ஓ கோசோங்’. இனிப்புக் கொஞ்சம் இருக்கலாம் என்பவர்கள் ‘சியூ தாய்’ என்பார்கள். ஸ்ட்ராங்காக வேண்டுமானால் ‘காவ்’, இளசாக வேண்டுமானால் ‘போ’, ஐஸ் போட்டது ‘பெங்’. கட்டித்தரச் சொல்ல ‘தாப்பாவ்’. டீக்கும் இதே வால்கள்தான். தே தாரிக் மட்டும் உங்களுக்கு ஆகாது; நுரைக்க ஆற்றித் தருகிற அந்த டீயே இனிப்புப் பாலில்தான் நிற்கிறது.

இன்னொன்று. அங்கே காப்பிக்கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பது பழைய வழக்கம். நிறம் கறுப்பாகவும் மணம் கருகலாகவும் இருப்பது அதனால்தான். நம் டிகிரி காப்பியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம். வேறு ஒரு பானம் என்று நினைத்துக் குடித்தால் பிடித்துவிடும்.

நம் ஆட்கள் எல்லோரும் சறுக்குகிற இடம் தலையாட்டல். ‘கோசோங் ஆ?’ என்று அவர் கேட்க, நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோம். நமக்கு அது ஆமாம். அவருக்கு அது இல்லை. டம்ளரில் இரண்டு கரண்டி சர்க்கரை விழுந்துவிடும். தலையை அசைக்காமல் வாயால் ‘கேன்’ அல்லது ‘நோ’ என்று சொல்லுங்கள். அந்த ஊரில் ‘கேன்’ ஒன்றை வைத்துப் பாதி வாழ்க்கையை ஓட்டலாம்: சரி, முடியும், பரவாயில்லை, எல்லாவற்றுக்கும் அதுதான். பணம் சொல்லும்போது தமிழ்க் கடையில் டாலர் என்று கேட்காது. ‘ரெண்டு வெள்ளி இருபது காசு’ என்பார்கள்.

குடிக்க உட்காரும் இடத்துக்கும் ஒரு முறை உண்டு. காலி மேசையில் ஒரு சின்ன டிஷ்யூ பொட்டலம் கிடந்தால் யாரோ மறந்து வைத்ததில்லை, இடம் பிடித்து வைத்தது. நம் பஸ்ஸில் துண்டு போடுகிற அதே வேலை. அதை நகர்த்தினால் சண்டை வரும். நாலு பேர் மேசையில் ஒருவர் மட்டும் இருந்தால், நாற்காலியைக் காட்டி ‘கேன் சிட்?’ என்று கேட்டு உட்காரலாம். முன்பின் தெரியாதவரோடு பேச்சுத் தொடங்க அந்த ஊரில் இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. அவர் தட்டைப் பார்த்து ‘வாட் இஸ் திஸ்? நைஸ் ஆ?’ என்றால் போதும். எந்தக் கடையில், எத்தனை மணிக்கு வந்தால் வரிசை இல்லை என்பது வரை வந்துவிடும்.

எழுந்து போகும்போது தட்டை நீங்களேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் உணவங்காடிகளில் இது சட்டம். முதல் தடவை எச்சரிக்கைக் கடிதம், அடுத்த தடவை 300 வெள்ளி. தட்டு வைக்கும் அலமாரியில் ஹலால், ஹலால் அல்லாதது என்று இரண்டு பக்கம் இருக்கும். மாற்றி வைத்தால் கடை ஊழியர் பாட்டி சத்தம் போடுவார். அவர் பக்கம்தான் நியாயம்.

சைவம் என்று சொன்னால் புரியுமா?
– ஆழ்வார்குறிச்சி வாசகர்

‘வெஜிட்டேரியன்’ புரியும்; அவர்கள் புரிந்துகொள்வது நம் சைவம் இல்லை. சீன சைவக் கடையில் முட்டை இருக்கலாம், கறி மாதிரியே செய்த சோயாவும் இருக்கும். மலாய்க் கடையில் கீரை என்று வாங்கினால் சம்பலில் இறால் விழுது, அதாவது பெலாச்சான், கலந்திருக்கும். ‘நோ மீட்’ என்பதோடு நிறுத்தாமல் ‘நோ எக், நோ ஃபிஷ், நோ பெலாச்சான்’ என்று மூன்றையும் சொல்லுங்கள். லிட்டில் இந்தியா என்கிற தேக்கா பக்கம் போனால் இந்தப் பாடு இல்லை.

டாக்சி டிரைவர்கள் நிறையப் பேசுவார்களாமே. என்ன பேசலாம், என்ன பேசக் கூடாது?
– தென்காசி வாசகர்

முதலில், ஏறியதும் பேச்சு வேண்டாம்; போகிற இடத்தின் ஆறு இலக்க அஞ்சல் எண்ணைச் சொல்லுங்கள். அங்கே அநேகமாக ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி எண். மகன் வீட்டு அஞ்சல் எண்ணையும் பிளாக் எண்ணையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். போன் சார்ஜ் போனாலும் வீடு போய்ச் சேரலாம். ‘கோயில் பக்கத்துல, பெரிய மரம் இருக்குமே’ என்கிற அடையாளம் எல்லாம் அங்கே செல்லாது.

டாக்சி உரிமம் 30 வயது நிரம்பிய சிங்கப்பூர்க் குடிமக்களுக்கே கிடைக்கும். ஆக, ஓட்டுகிறவர் உள்ளூர்க்காரர். பெரும்பாலும் நடுவயது தாண்டியவர். வாயைத் திறக்க வைக்க ஒரே கேள்வி: ‘அங்கிள், கார் வாங்க ஏன் இவ்வளவு விலை?’ கார் வைத்துக்கொள்ளவே தனியாக ஓர் உரிமைச் சான்று ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990-இல் வந்த முறை. மாதம் இரண்டு ஏலம், பத்து வருடத்துக்குத்தான் செல்லும், பல நேரம் சான்றின் விலை காரின் விலையையே தாண்டிவிடும். இந்தக் கேள்விக்கு விமான நிலையத்திலிருந்து வீடு வரை பதில் வரும். சாப்பாடு, மழை, பேரப்பிள்ளைகளின் பரீட்சை ஆகியவையும் பாதுகாப்பான தலைப்புகள்.

அவரே உங்கள் மகன் சம்பளம், வீட்டு வாடகை எல்லாம் கேட்கக் கூடும். ‘எனஃப் லா’ என்று சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றலாம். இன்ன இனத்தார் இப்படி, இன்ன மதத்தார் அப்படி என்கிற பேச்சை மட்டும் அவர் தொடங்கினாலும் நீங்கள் ‘ஆமா’ போடாதீர்கள். நம் டீக்கடைப் பெஞ்சில் சாதாரணமாகப் போகிற சில வாக்கியங்கள் அங்கே போலீஸ் புகாராகும். ‘எந்த ஊர்’ என்றால் ‘இந்தியா’ என்று நிறுத்தாமல், ‘சவுத், நியர் கன்னியாகுமரி’ என்று சொல்லுங்கள். சென்னையா என்று அடுத்த கேள்வி வராமல் இருக்கும்.

அங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளைகளிடம் நம் ஊர்த் தமிழில் பேசலாமா?
– சங்கரன்கோவில் வாசகர்

பேசலாம். ‘ஏலே’ மட்டும் வேண்டாம்; இங்கே அது பாசம், அங்கே அடிக்கக் கூப்பிடுகிற மாதிரி. எல்லோருக்கும் ‘நீங்க’. கடையில் இருப்பவரை ‘அண்ணே’, ‘அக்கா’ என்றால் சரியாக இருக்கும்.

தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று, பள்ளியில் படிக்கிறார்கள். ஆனால் வீட்டில் அதிகம் புழங்குவது தமிழ் என்று 2020-இல் சொன்னவர்கள் மொத்த மக்களில் 2.5 சதவீதம்தான். அதனால் பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னால் திமிர் என்று நினைக்க வேண்டாம், தப்பாகப் பேசிவிடுவோமோ என்கிற கூச்சம். ‘தமிழ் தெரியுமா?’ என்று பரீட்சை வைக்காமல் நீங்கள் பாட்டுக்கு நிதானமாகத் தமிழில் பேசுங்கள். இரண்டாம் நிமிடத்தில் அவர்களும் தமிழுக்கு வருவார்கள்.

எதிர்வீட்டில் சீனக் குடும்பம், பக்கத்தில் மலாய்க் குடும்பம். ஊரிலிருந்து அல்வா கொண்டுபோய்க் கொடுக்கலாமா? வேறு என்ன கவனிக்க வேண்டும்?
– வள்ளியூர் வாசகி

தாராளமாக. பெட்டியில் வையுங்கள், கைப்பையில் வேண்டாம். கெட்டியான பசை மாதிரிப் பொருள் என்று பாதுகாப்புச் சோதனையில் பிடித்து வைத்துக்கொள்வார்கள். கொடுக்கும்போது கால் கிலோப் பொட்டலத்தை அப்படியே நீட்டாதீர்கள். அல்வா தெரியாதவர்களுக்கு அந்த நெய் கண்டாலே மலைப்பு. சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒரு டப்பாவில் ஏழெட்டுத் துண்டு. மலாய் வீட்டில் என்னென்ன சேர்ந்தது என்று சொல்லியே கொடுங்கள்: ‘வீட், சுகர், கீ’. அவர்களுக்குத் தயக்கம் நீங்கிவிடும். வலது கையால் கொடுக்க வேண்டும். அந்த வீட்டு ஆண்களிடம் பெண்கள் தாமாகக் கை நீட்ட வேண்டாம், புன்னகை போதும். சீன வீட்டுக்குப் புத்தாண்டில் போவதானால் மாண்டரின் ஆரஞ்சு இரண்டு, இரண்டு கையாலும் கொடுங்கள். இரட்டைப்படைதான் ராசி, ஆனால் நாலு ஆகாது. கடிகாரம் பரிசாகக் கொடுத்துவிடாதீர்கள், அவர்களுக்கு அது சாவு சம்பந்தப்பட்டது.

உறவு கெடுவது அல்வாவால் இல்லை, சத்தத்தாலும் தண்ணீராலும். இரவு பத்தரையிலிருந்து காலை ஏழு மணி வரை அமைதி நேரம். அதிகாலை ஐந்துக்கு எழுந்து உரலில் இஞ்சி தட்டினால், கீழ்வீட்டுக்காரர் தலைமேல் தட்டுகிற மாதிரிக் கேட்கும். கிரைண்டரைத் தரையில் வைக்காமல் ரப்பர் விரிப்பின் மேல் வைத்து, மாவை மாலையில் ஆட்டிவிடுங்கள். துணியைச் சொட்டச் சொட்டச் சன்னலுக்கு வெளியே போட்டால் கீழ்வீட்டுக் காய்ந்த துணி நனையும். புகார் என்று வருகிற பேச்சில் பாதி இதுதான். யாராவது கதவைத் தட்டிச் சொன்னால் விளக்கம் வேண்டாம். ‘சாரி ஆ, நெக்ஸ்ட் டைம் நோ’ என்று முடித்துவிட்டு அடுத்த நாள் சரிசெய்யுங்கள்.

கீழ்த்தளத்தில் வெள்ளைப் பந்தல் போட்டு மேசைகள் இருந்தால் சீனர் வீட்டுத் துக்கம். மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படை நாள் வைத்திருப்பார்கள். போட்டோ எடுக்கக் கூடாது. தெரிந்தவர் என்றால் உள்ளே போய்த் தலைகுனிந்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்து, தருகிற கடலையைக் கொறித்துவிட்டு வரலாம். பேச வேண்டிய கட்டாயம் இல்லை. சீனரின் ஏழாம் மாதத்தில் நடைபாதையோரம் பழமும் ஊதுபத்தியும் வைத்திருந்தால் சுற்றிப் போங்கள், மிதித்துவிடாதீர்கள். அந்த மாதத்துக் கூத்து மேடையில் முன்வரிசை நாற்காலி காலியாக இருக்கிறதே என்று போய் உட்காரவும் கூடாது. அது அந்த மாதம் வருகிற ஆவிகளுக்கு.

என் தாத்தா இரண்டாம் உலகப் போருக்கு முன்பு தஞ்சோங் பகாரில் இருந்தார். அவர் காலத்து ஊர்க்காரர்களின் வாரிசுகளைக் கண்டுபிடித்துப் பேச முடியுமா?
– கடையநல்லூர் வாசகர்

முடியும், தஞ்சோங் பகாரில் தேடினால் கிடைக்காது. துறைமுகத்தை ஒட்டிய அந்தப் பகுதியில் கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்தது உண்மை. ஆண்கள் மட்டும் போன மற்ற ஊர்களைப் போல இல்லாமல், நம்மவர்கள் மனைவி மக்களோடு போனார்கள். கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியையே தொடங்கியது. பள்ளி 1982-இல் மூடப்பட்டது. அந்தப் பெயர் இன்று உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையமாக பீட்டி சாலையில் இருக்கிறது. குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு மாறித் தீவு முழுக்கப் பரவிவிட்டன.

வெள்ளிக்கிழமை சவுத் பிரிட்ஜ் சாலை ஜாமிஆ சூலியா பள்ளிவாசலுக்குப் போங்கள். தொழுகைக்கு முன் அவசரத்தில் இருப்பார்கள். முடிந்து கூட்டம் கலைந்தபின் நிழலில் நிற்கிற பெரியவர்களிடம் சலாம் சொல்லித் தொடங்குங்கள். கையில் இருக்க வேண்டியவை: தாத்தா, அவருடைய அப்பா பெயர், குடும்பப் பட்டப்பெயர், கடையநல்லூரில் எந்தத் தெரு, சிங்கப்பூரில் என்ன தொழில், ஒரு போட்டோவின் நகல். இவற்றில் தெருப் பெயரும் பட்டப்பெயரும்தான் உண்மையில் வேலை செய்யும். ஒரே பெயரில் நூறு பேர் இருப்பார்கள்.

எடுத்ததும் அவர் போன் எண்ணைக் கேட்காதீர்கள். உங்கள் எண்ணையும் மேற்படி விவரத்தையும் எழுதிய தாளைக் கொடுத்துவிட்டு வாருங்கள். வீட்டில் மூத்தவரிடம் கேட்டுக்கொண்டு அவரே கூப்பிடுவார். சொத்து, பங்கு என்ற வார்த்தை முதல் பேச்சில் வந்தால் தேடல் அங்கேயே முடிந்தது.

விமான நிலையத்தில் நம் ஊர்க்காரர் என்று சொல்லி ஒருவர், ‘ஒரு சின்னப் பார்சல், என் தம்பி வந்து வாங்கிக்குவான்’ என்றால்?
– மேலப்பாளையம் வாசகர்

முடியாது என்று சொல்லிவிடுங்கள். திருச்சியோ மதுரையோ திருவனந்தபுரமோ, கேட்பவர் அழுதாலும், மருந்து என்றாலும், ஊறுகாய் என்றாலும் அதே பதில். சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் தண்டனை மரணம். பைக்குள் என்ன இருந்தது என்பது தனக்குத் தெரியாது என்று நிரூபிக்கும் பொறுப்பு பையை வைத்திருந்தவர் தலையில்தான். ‘ஏர்லைன்ல எடை ஏத்த விடல, என் பையே கூடிப்போச்சு’ என்று சொல்லி நகர்ந்துவிடலாம். உறவுக்காரரே பீடிக் கட்டு கேட்டாலும் வேண்டாம்: புகையிலைக்கு அங்கே வரிவிலக்கே கிடையாது, மெல்லுகிற புகையிலைக்குத் தடை.

போய் இறங்கியபின் போனில் ‘போலீஸ் பேசுகிறோம், பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்று’ என்று யாராவது சொன்னால், உடனே வைத்துவிட்டு 1799-ஐக் கூப்பிடுங்கள். மோசடியா என்று சரிபார்த்துச் சொல்லும் எண் அது.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் நம் ஊர்ப் பையன்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருப்பார்களாமே. போய்ப் பேசினால் தப்பாக நினைப்பார்களா?
– திசையன்விளை வாசகர்

சந்தோஷப்படுவார்கள். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்கிறவர்களுக்கு வாரத்தில் கிடைக்கிற ஒரு பகல் அது. பணம் அனுப்ப, முடிவெட்ட, ஊர்க்காரனைப் பார்க்க எல்லாமே அன்றைக்குத்தான். மாலை நாலு மணிக்கு மேல் போங்கள், வேலைகள் முடிந்து உட்கார்ந்திருப்பார்கள்.

ஊர், தாலுகா, எந்தக் கம்பெனி என்று கேட்கலாம். ஏஜென்டுக்கு எவ்வளவு கொடுத்தாய், கடன் அடைந்ததா என்று நீங்களாகத் தோண்டாதீர்கள். சுற்றிலும் நண்பர்கள் இருக்கும்போது அதற்கு உண்மையான பதிலும் வராது. போட்டோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட வேண்டாம்; வீட்டுக்குச் சொல்லாத சங்கதி எதுவும் பின்னணியில் இருக்கலாம். சனிக்கிழமை காலை ஏழு முதல் திங்கள் காலை ஏழு வரை அந்தப் பகுதியில் பொது இடத்தில் மது குடிக்கத் தடை. பக்கத்தில் யாராவது பாட்டிலைத் திறந்தால் நாசூக்காக எழுந்துவிடுங்கள்.

சம்பளம் வரவில்லை என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால், ‘நான் பாத்துக்கிடுதேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளைக்குள் சம்பளம் தந்தாக வேண்டும் என்பது அங்கே சட்டம். மனிதவள அமைச்சில் புகார் செய்ய அவருக்கு உரிமை உண்டு. வேலை நேரக் குறிப்பையும் சம்பளச் சீட்டையும் போனில் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள். காகிதத்தில் எதிலாவது கையெழுத்துப் போடச் சொன்னால், படித்துப் புரியாமல் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். ஊரில் அவர் வீட்டுக்கு ஏதாவது கொண்டுபோய்ச் சேர்க்கக் கேட்டால், கடுதாசியும் பணமும் சரி. ஒட்டிய பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.